பிளேட் புதுசு, கியர் விழவில்லை

ஓவேலியில் ஓடும் பழைய ஜீப் ஒன்றைக் காட்டி அதற்கு என்ன வயது என்று கேட்டால், அதன் சொந்தக்காரரே கொஞ்சம் யோசிப்பார். ஆர்.சி. புத்தகம் ஒரு வருடத்தைச் சொல்லும். எஞ்சின் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும். கியர் பாக்ஸ் கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாக இருக்கும். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிந்தவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கதை. இந்த மூன்று பிறப்பிடங்களும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் கிளட்ச். புது கிளட்ச் போட்டும் வண்டி சரியாக ஓடவில்லை என்ற புகாரில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

கூடலூர் தாலுகாவில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஓவேலி. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்று பெயர். ஜேம்ஸ் ஆக்டர்லோனி 1845 வாக்கில் இங்கே காபி பயிரிடத் தொடங்கினார்; பிறகு சின்கோனா வந்தது, தேயிலை வந்தது. எல்லமலை, பார்வுட், ஆரோட்டுப்பாறை, பெரியசோலை என்று சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளுக்குப் போகும் பாதைகள் பலவும் எஸ்டேட் வேலைக்காக வெட்டியவை. செங்குத்தும் வளைவும் அவற்றின் இயல்பு. பஸ் போகாத இடத்துக்கு ஜீப் போகும். ரேஷன் அரிசி, சிமெண்ட் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிரசவத்துக்குப் போகிற பெண் எல்லாரும் அதில்தான். மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1947-இல். அந்த வம்சத்து வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றுவது ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்க நடந்த வேலை. மலையில் அது இன்னும் அதிகம்.

கிளட்சின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது ஃபிளைவீல். அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கியிருப்பது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடப்பது, இருபுறமும் லைனிங் ஒட்டிய கிளட்ச் பிளேட். இந்த நடு பிளேட்டின் மையத்தில் உள்பக்கமாகப் பல் வெட்டியிருக்கும். கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வரும் இன்புட் ஷாஃப்ட் அந்தப் பல்லில் நுழைந்து உட்காரும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிடி தளரும், பிளேட் சுதந்திரமாக நிற்கும், கியர் விழும். காலை எடுத்தால் ஸ்பிரிங் மறுபடி நசுக்கிப் பிடிக்கும். பிடிக்கும் முன் ஒரு நொடி வழுக்கும். அந்த வழுக்கலில்தான் லைனிங் தேய்கிறது. சமவெளியில் அது ஒரு நொடி. ஏற்றத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது மூன்று நான்கு நொடியாகிறது. கூடலூரிலிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதற்குள் வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. தீய்ந்த வாடை அடிக்காமல் ஏறிப் பழகியவர்தான் இங்கே டிரைவர்.

ஆகவே கிளட்ச் மாற்றுவது இங்கே அடிக்கடி வரும் செலவு. வம்பு வருவது மாற்றிய பிறகு.

மேலே சொன்னதில் கவனிக்க வேண்டிய விஷயம், நடு பிளேட்டுக்கு எஜமானர்கள் இரண்டு பேர் என்பது. அதன் வெளி விட்டமும் கனமும் எஞ்சின் பக்கத்து ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். அதன் நடுத்துளையின் பல் கியர் பாக்ஸ் பக்கத்து ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். கம்பெனியில் பூட்டிய வண்டியில் இரண்டும் ஒரே குடும்பம்; மாடல் பெயரைச் சொன்னால் போதும், கடைக்காரர் சரியான பெட்டியை எடுத்துப் போடுவார். எஞ்சின் ஓரிடம், கியர் பாக்ஸ் வேறிடம் என்றாகிவிட்ட வண்டிக்கு மாடல் பெயர் சொல்லி வாங்கினால், ஒரு எஜமானருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காது. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். பல்லின் எண்ணிக்கை வேறாக இருக்கும். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்து, ஷாஃப்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் மாறினாலும் போதும், பிளேட் ஏறாது. ஏறினாலும் நகராது.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கியர் பாக்ஸ் தரையில் கிடக்கும்போதே புது பிளேட்டை அந்த ஷாஃப்டில் கையால் மாட்டிப் பார்க்க வேண்டும். முழு நீளத்துக்கும் உரசாமல் போய்வர வேண்டும். போகும், ஆனால் கடைசி ஒரு அங்குலத்தில் சிக்கும் என்றால், ஷாஃப்டின் பல்லில் பழைய பிளேட் வெட்டிய பள்ளமோ துருவோ இருக்கிறது. மெல்லிய அரத்தால் பிசிறை எடுத்து, துடைத்து, கிரீஸை விரல் நுனியில் தொட்டுப் பூசி, மிச்சத்தை வழித்துவிட வேண்டும். தாராளமாக அப்பினால் அந்தக் கிரீஸ் சுழற்சியில் சிதறி லைனிங்கில் போய் உட்காரும். பிறகு வழுக்குகிறது என்று அடுத்த மாதம் மறுபடி இறக்க வேண்டும். பழைய பிளேட்டைப் புதியதன் மேல் வைத்து விட்டம், கனம், பல், நடு ஹப்பின் உயரம் நான்கையும் ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகாது. இதைச் செய்யாமல் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பிப் பூட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள்.

அடுத்த தகராறு எல்லா ஒர்க் ஷாப்பிலும் பழக்கமானது. கியர் பாக்ஸைத் தூக்கி உள்ளே தள்ளுகிறார்கள். முக்கால் பங்கு போகிறது. எஞ்சினுக்கும், கிளட்சை மூடி நிற்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி மிச்சம் நிற்கிறது. ஆட்டினாலும் போகவில்லை, உதைத்தாலும் போகவில்லை. இந்த இடத்தில்தான் பொறுமை போய், நீளமான போல்ட் இரண்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்ற யோசனை வருகிறது. அதைவிடக் கெட்ட யோசனை இந்த வேலையில் கிடையாது. போல்ட் இழுக்கும், சந்தேகமில்லை. இழுக்கிற இழுப்பில் பிளேட்டின் ஹப் கோணும், அல்லது அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும். கோணிய பிளேட் வெளியே தெரியாது. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு, கிளட்ச் முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அலறும்போதுதான் தெரியும். கியர் பாக்ஸின் முழு எடையையும் ஷாஃப்டில் தொங்கவிட்டு டீ குடிக்கப் போவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

இடைவெளி நிற்பதற்குக் காரணங்கள் சிலதான். முதல் சந்தேகம் சென்டர் மீது. பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது நடு பிளேட் ஒரு நூல் கீழே சரிந்திருந்தாலும் ஷாஃப்டின் முனை அதைத் தாண்டி பைலட் பேரிங்கின் துளைக்குப் போய்ச் சேராது. சென்டர் பார்க்கப் பிளாஸ்டிக் கருவி விற்கிறது. மலையில் பெரும்பாலும் கழித்துப் போட்ட பழைய இன்புட் ஷாஃப்டே அந்த வேலையைச் செய்கிறது, சரியாகவும் செய்கிறது. பிளேட்டை மெல்லப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போல்ட்களை முறுக்கி, பழைய ஷாஃப்டை விட்டு நேராக்கி, பிறகு எதிரெதிர் போல்ட்களாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். முடிந்ததும் ஷாஃப்ட் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். வட்டத்தில் வரிசையாக ஒவ்வொரு போல்ட்டையும் முழுக்க இறுக்கிக்கொண்டே போனால் பிரஷர் பிளேட்டின் கவர் கோணிக்கொள்ளும். கிளம்பும்போது வண்டி குலுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது சந்தேகம் பைலட் பேரிங். கிராங்க் ஷாஃப்டின் நுனியில் ஒரு சிறு துளை. அதற்குள் ஒரு வெண்கல புஷ் அல்லது பேரிங். ஷாஃப்டின் மூக்கு அதில்தான் தாங்கி நிற்கிறது. எஞ்சின் மாறிய ஜீப்பில் இந்தப் புஷ்ஷின் உள்விட்டம் வேறாக இருப்பது சகஜம். முந்தைய மெக்கானிக் லேத்தில் கடைந்து போட்ட புஷ் இருந்த இடத்தில், கம்பெனி அளவில் புதிதாக ஒன்றைப் போட்டால் ஷாஃப்ட் நுழையாது, அல்லது தொளதொளக்கும். பழைய புஷ்ஷை எடுக்க இழுவைக் கருவி இல்லாத பட்டறைகளில் ஒரு வித்தை உண்டு. துளை நிறையக் கிரீஸை அடைத்து, துளைக்குள் இறுக்கமாகப் போகும் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். கிரீஸுக்குப் போக வேறு வழி கிடையாது. புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். நாலைந்து தட்டு, கொஞ்சம் கிரீஸ், வேலை முடிந்தது. பிறகு அந்தக் கிரீஸைச் சுத்தமாகத் துடைக்க மறக்கக் கூடாது.

பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்கிறது என்பதும் ஒரு காரணம். கியர் பாக்ஸை டாப் கியரில் போட்டுவிட்டு, பின்னால் ஃபிளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல் விழுந்து சட்டென்று உட்காரும். ஹவுசிங்கின் டோவல் பின் துருவேறிப் பருத்திருக்கலாம். வயரோ எர்த் பட்டையோ நடுவில் மாட்டியிருக்கலாம். ஆல்டோ போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் டிரைவ் ஷாஃப்ட்களைக் கழற்றி, கியர் பாக்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் இறக்க முடியும். இடம் நெருக்கம் என்பதால் கோணம் மாறுவதும் அங்கே அதிகம். எஞ்சினுக்கு அடியில் ஒரு ஜாக்கி, கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக்கி வைத்து இரண்டையும் ஒரே சாய்வுக்குக் கொண்டுவந்தால் கியர் பாக்ஸ் தானாக உள்ளே போகும்.

பிளேட்டைத் திருப்பி மாட்டுவது நம்ப முடியாத தவறு போலத் தோன்றும், நடக்கிறது. நடு ஹப்பில் ஸ்பிரிங்குகள் புடைத்திருக்கும் பக்கம் பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸைப் பார்த்து வரும். எந்தப் பக்கம் ஃபிளைவீலுக்கு என்று பிளேட்டிலேயே அச்சடித்தும் இருப்பார்கள். மாற்றிப் போட்டால் அந்தப் புடைப்பு ஃபிளைவீல் போல்ட்களில் போய் இடிக்கும். கியர் பாக்ஸ் நன்றாக உட்காரும், பெடலும் நன்றாக இருக்கும், கியர் மட்டும் விழாது.

எல்லாம் ஏறிவிட்டது, ஆனாலும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் உடனே பிளேட் டூப்ளிகேட் என்று தீர்ப்பு எழுதுவது வழக்கம். அதற்கு முன்னால் கேபிளைப் பார்க்க வேண்டும். பழைய பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் பேரிங்கை நோக்கி எழும்பி வரும். அதற்கு இடம் கொடுக்க டிரைவர் அவ்வப்போது கேபிளைத் தளர்த்தியிருப்பார். புது பிளேட் கனமானது. விரல்கள் மறுபடி உள்ளே போய்விட்டன. பழைய தளர்வு அப்படியே இருந்தால் பெடலின் பாதி ஓட்டம் வீணாகப் போகும். நட்டை நாலு சுற்றுத் திருகினால் தீர்ந்துவிடும் சங்கதிக்கு கியர் பாக்ஸை மறுபடி இறக்கியவர்கள் உண்டு. ஆயில் வழி வேலை செய்யும் கிளட்சாக இருந்தால் சந்தேகம் காற்றின் மேல். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு மூன்று தடவை மிதித்தால் கெட்டியாகிறது என்றால் ஏர் எடுக்க வேண்டும்.

ஃபிளைவீலை லேத்தில் பேஸிங் எடுத்த வண்டிகளில் தகராறு வேறு மாதிரி. மலை வண்டியின் ஃபிளைவீலில் சூட்டால் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கும். பேஸிங் நியாயமான வேலைதான். ஆனால் பல ஃபிளைவீல்களில் பிளேட் உரசும் முகம் ஒரு மட்டத்திலும், பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு வேறு மட்டத்திலும் இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு எடுக்க வேண்டும். உரசும் முகத்தை மட்டும் சீவினால் பள்ளம் ஆழமாகி, பிளேட்டின் மேல் விழும் அழுத்தம் குறையும். புது கிளட்சே ஏற்றத்தில் வழுக்கும். விளிம்பை மட்டும் சீவினால் கதை தலைகீழ், கியர் விழாது. லேத் பட்டறைக்கு ஃபிளைவீலை மட்டும் அனுப்பாமல், மட்ட வித்தியாசத்தை முன்பே அளந்து எழுதி அனுப்புகிற மெக்கானிக் கெட்டிக்காரர்.

ரிலீஸ் பேரிங்கிலும் இரண்டு சாதி உண்டு. முகம் தட்டையானது ஒன்று, வளைந்தது ஒன்று. பிரஷர் பிளேட்டின் விரல் நுனி வளைந்திருந்தால் தட்டை முகம். விரல் நேராக இருந்தால் வளைந்த முகம். மூன்று நெம்புகோல் வைத்த பழைய பிரஷர் பிளேட்டை எடுத்துவிட்டு விரல் வைத்த புது வகையைப் போடும் ஜீப்காரர்கள் பேரிங்கை மட்டும் பழையதாகவே விட்டுவிடுகிறார்கள். பெடல் மிதிக்கும்போது வரும் கீச்சுச் சத்தம் அதன் பலன். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே செட்டாக வாங்குவது இதனால்தான் நல்லது. செட்டாகப் பூட்டுகிற பெரிய பெயர்களில் ஒன்றான லூக் ஜெர்மனியில் 1965-இல் பிறந்தது. ஓசூரில் அதற்குத் தொழிற்சாலை உண்டு. லைனிங் தயாரிக்கும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் சென்னை பாடியில் இருக்கிறது.

புதிய டீசல் கார்கள் இன்னொரு தலைவலியைக் கொண்டு வந்தன. அவற்றில் ஃபிளைவீலே இரண்டு அடுக்காக, நடுவில் ஸ்பிரிங் வைத்து வருகிறது. அதனால் அந்தக் காரின் பிளேட்டில் ஸ்பிரிங் இருக்காது. விலைக்குப் பயந்து ஒற்றை ஃபிளைவீலை மாற்றிப் போட்டு, அதே ஸ்பிரிங் இல்லாத பிளேட்டைச் சேர்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். ஐடிலிங்கில் கியர் பாக்ஸ் கடகடக்கும். தானாகத் தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் பிரஷர் பிளேட்டுகளும் சில கார்களில் உண்டு. அவற்றை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடித்துத்தான் பூட்ட வேண்டும். சாதாரணமாக இறுக்கினால் உள்ளே இருக்கும் வளையம் திரும்பிக்கொண்டு, புதிதிலேயே பாதி தேய்ந்ததைப் போல நடந்துகொள்ளும்.

லைனிங் என்ற பொருளே மலையோடு சம்பந்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப் பகுதியில் சரக்கு வண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்சைப் பிரேக் கட்டையில் அடித்து ஓட்டியதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட், அதைவிட நன்றாகப் பிடிக்கும் பொருளைத் தேடி 1897-இல் தொடங்கிய தொழில்தான் ஃபெரோடோ. நெடுங்காலம் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தார்கள். பழைய ஜீப்பின் பெல் ஹவுசிங்கில் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூளை ஏர் பைப்பால் ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்து எடுப்பதே முறை.

ஓவேலிக்கே உரிய இன்னொரு சங்கடம் மழை. தென்மேற்குப் பருவமழையில் வாரக் கணக்கில் நனைந்தபடி நிறுத்திய வண்டியில், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்கின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே போய் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். நேற்று வரை ஓடிய வண்டி, இன்று கியர் விழவில்லை. அதைக் கிளட்ச் போயிற்று என்று கணக்கெழுதி கியர் பாக்ஸை இறக்கினால் உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, திறந்த இடத்தில் கியரில் மெல்ல ஓட்டி, பெடலை மிதித்துப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு அழுத்தினால் பெரும்பாலும் பிரிந்துவிடும். கிழிந்த ரப்பர் உறையை மாற்றுவது சில்லறைச் செலவு.

கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலையும் கியர் பாக்ஸின் முன் ஆயில் சீலையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் மாற்றிவிட வேண்டும். சீலை மிச்சம் பிடித்துப் புது லைனிங்கில் ஆயில் விட்டால் ஏற்றத்தில் வண்டி குலுங்கும், பிறகு வழுக்கும். ஜீப்பில் புரொப்பல்லர் ஷாஃப்டை மாட்டுவதற்கு முன் இன்னொரு சோதனையும் செய்யலாம். கியரில் போட்டு, ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஃபிளேஞ்சைக் கையால் சுற்ற வேண்டும். மிதித்தால் சுற்ற வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக நடந்த வண்டிதான் கீழே இறங்கத் தகுதியானது.

வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு முதல் 500 கிலோமீட்டர் லைனிங் பதியும் காலம். அந்த நாட்களில் முழு லோடு ஏற்றாமல், ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்தாமல், ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக் கிளம்பினால் பிளேட் பல மடங்கு உழைக்கும். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதியே சொல்கிறது. சுற்றுலா வந்தவர்கள் இதை மதிக்காமல் நடுவளைவில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஜீப்பின் லைனிங் கொஞ்சம் கரிகிறது.

கடைசியாக, கிளட்ச் மாற்றும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பிளேட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். புதியதன் பார்ட் நம்பர், பல்லின் எண்ணிக்கை, விட்டம், பைலட் புஷ்ஷின் உள்விட்டம் நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்த தடவை ஸ்பேர் கடையில் மாடல் பெயருக்குப் பதிலாக அந்தக் காகிதத்தை நீட்டுங்கள்.